எல்லாம் நார்மல்!

நம் சங்கத்தின் பொங்கல் விழாவன்று, சர்க்கரைப் பொங்கல் தொன்னையும் கையுமாக நின்றுகொண்டிருந்த என்னை மலர்க் குழு நண்பர் ஒருவர் ஓரமாக அழைத்துப் போனார். "சார், எல்லார் வீட்டுக்கும் உபயோகமா ஏதாவது ஒரு கட்டுரை எழுதுங்களேன்" என்றார். என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மண்டப வாசலில் இருந்த வேகத்தடையில் ஒரு கார் ஏறி இறங்கியது. 'டொக்... டொக்' என்று சத்தம். இறங்கி வந்தவர் நம் உறுப்பினர்தான். "முன்பக்கம் சத்தம் வருதே?" என்று கேட்டேன். "சர்வீஸ் சென்டர்ல காட்டிட்டேன் சார். நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விட்டார்.

அந்த 'நார்மல்' என்ற சொல்லுக்கும் எனக்கும் நாற்பது ஆண்டு உறவு உண்டு. அதை எழுதியவனும் நான்தான், பிறகு அதனால் அவதிப்பட்டவனும் நான்தான். அந்த இரண்டு கதைகளையும் இங்கே சொல்லப் போகிறேன். கார் வைத்திருப்பவர்கள், அதிலும் வருடா வருடம் காரிலேயே ஊருக்குப் போய் வருபவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் எழுதிய 'நார்மல்'

என் தகப்பனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நான் திருச்சியில் மெக்கானிகல் டிப்ளமா முடித்து, 1979-இல் ரயில்வேயில் சேர்ந்து, நாக்பூருக்கு வந்தேன். 'கேரேஜ் அண்ட் வேகன்' பிரிவு. பெட்டிக்கு மேலே பயணிகள் உலகம் என்றால், பெட்டிக்குக் கீழே என் உலகம். சக்கரம், அச்சு, சுருள்வில், பிரேக் இவற்றோடு 38 ஆண்டுகள் குடித்தனம் நடத்தி, 2017-இல் ஓய்வு பெற்றேன்.

1983-இல் நடந்தது இது. வடக்கே போகும் விரைவு வண்டி ஒன்றில், ஒரு தூங்கும் வசதிப் பெட்டி மோசமாகக் குதிக்கிறது என்று கண்டக்டர் குறிப்பு எழுதிக் கொடுத்தார். வண்டி நாக்பூரில் நிற்கும் சில நிமிடங்களில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தேன். உடைந்த வில் எதுவும் கண்ணில் படவில்லை. "பார்த்தாயிற்று, நார்மல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி போய்விட்டது.

அடுத்த வாரம் அதே பெட்டி, அதே குறிப்பு. எங்கள் தலைமை டி.எக்ஸ்.ஆர். ஒரு மராட்டியப் பெரியவர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ அதில் உட்கார்ந்து பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, போய் உட்கார். இடார்சி வரை போய்விட்டு வந்து எழுது" என்றார்.

இடார்சி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போகிக்கு நேர் மேலே இருக்கும் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். வேகம் எடுத்ததும் பெட்டி குதிரை போலத் துள்ள ஆரம்பித்தது. எதிரே காசிக்குப் போகும் மாயவரத்துப் பாட்டி ஒருவர், இரண்டு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் தம்பி, இதையெல்லாம் பார்க்கிறதுக்கு ஆளே கிடையாதா?" என்று கேட்டார். 'அந்த ஆள் நான்தான் பாட்டி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டி திரும்பி வந்ததும் அதைக் கழற்றி 'சிக் லைன்' போட்டோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டிகளில், அச்சுப்பெட்டியின் இருபுறமும் நிற்கும் சுருள்வில்லுக்கு உள்ளே எண்ணெய் நிரப்பிய ஓர் உருளை இருக்கும். 'டேஷ்பாட்' என்போம். எங்கள் பெட்டியில் அவற்றில் இரண்டு வறண்டு கிடந்தன. ரப்பர் வளையம் தேய்ந்து எண்ணெய் எல்லாம் வெளியேறிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அது தெரியாது. திறந்து அளந்து பார்த்தால்தான் தெரியும். நான் அளக்கவில்லை. அளக்காமலே 'நார்மல்' என்று எழுதியிருந்தேன்.

பெரியவர் திட்டவில்லை. "எழுதியது இருக்கிறது, எழுதாதது இல்லை. அதனால் பார்த்துவிட்டு எழுது" என்று மட்டும் சொன்னார்.

வில் தாங்கும், எண்ணெய் அடக்கும்

காருக்கும் ரயிலுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வண்டியின் பாரத்தைத் தாங்குவதும், பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் சுருள்வில்தான். ஆனால் வில்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு முறை அமுக்கி விட்டால் தானாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் நாம் 'ஷாக் அப்சார்பர்' என்று சொல்லும் உருளையின் வேலை. அதற்குள்ளே இருக்கும் பிஸ்டன், சிறு துளைகள் வழியாக எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிப் போய்விடும். எண்ணெய் கசிந்துவிட்டால் வெறும் வில்தான் மிஞ்சும். சக்கரம் சாலையை விட்டு எழும்பி எழும்பி ஓடும். எழும்பிய சக்கரத்துக்கு பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. ஆக, இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல, பிரேக்கைப் போலவே உயிர் சம்பந்தப்பட்டது.

இன்றைய பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு 'மெக்பெர்சன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பு. வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் அது. கீழே 'லோயர் ஆர்ம்' என்ற கை ஒன்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கையின் ஒரு முனையில் ரப்பர் புஷ், மறுமுனையில் 'பால் ஜாயிண்ட்' என்ற உருண்டை மூட்டு. நம் தோள்பட்டை மூட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் மூட்டு நழுவினால் கை தொங்கிவிடும் அல்லவா? பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்துவிடும்.

நாம் வாழும் விதர்பாவில் இந்தப் பாகங்களுக்கு ஆயுள் சற்றுக் குறைவுதான். இங்கே கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலே போட்ட தார்ச்சாலை அதோடு சேர்ந்து அலை அலையாக எழும்பி அமுங்கும். போதாக்குறைக்கு வேகத்தடைகள். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நம் காலனிகளில் அவரவர் போட்டுக்கொண்ட மேடுகளோ ஒரு முழ அகலம்கூட இருப்பதில்லை. அது வேகத்தடை அல்ல, சுவர்!

எனக்கு எழுதிய 'நார்மல்'

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், 2017 நவம்பரில், ஏழு பேர் உட்காரக்கூடிய டீசல் எஸ்.யு.வி. ஒன்று வாங்கினேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். குற்றம் சாட்டுவது என் நோக்கம் அல்ல. மூன்று வருட வாரண்டியோடு, கூடுதல் பணம் கட்டி ஐந்து வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ. வரை நீட்டித்துக்கொண்டேன். "எதுக்குங்க இவ்வளவு பெரிய வண்டி?" என்றாள் என் மனைவி. "அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு தடவை பொன்மலைக்குப் போகணுமே" என்றேன். நாக்பூரிலிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹைதராபாத், பெங்களூரு, சேலம் வழியாகத் திருச்சி ஏறக்குறைய 1,400 கி.மீ. வழியில் இரண்டு இரவு தங்கி நிதானமாகப் போவோம்.

2021 ஜனவரியில், 41,000 கி.மீ. ஓடியிருந்தபோது, முன்பக்கம் இடதுபுறம் லேசாக ஒரு 'டொக்'. சர்வீஸுக்கு விட்டபோது வரவேற்பில் இருந்த பையனிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "பார்த்துக்கலாம் அங்கிள்" என்றான். ஜாப் கார்டில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று மட்டும்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 38 வருடம் எழுத்தோடு வாழ்ந்தவன் செய்த முதல் தவறு அது.

2022 பிப்ரவரியில், 58,000 கி.மீ.யில் சத்தம் வளர்ந்திருந்தது. இந்த முறை 'முன் இடது பக்கம் சத்தம்' என்று எழுத வைத்தேன். மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதன் கீழே ஒரு வரி: 'ஓட்டிப் பார்த்தாயிற்று, நார்மல்.' செப்டம்பரில் மறுபடியும் போனேன். "அங்கிள், இஸ் காடி மே யெஹ் தோ நார்மல் ஹை" என்றார் அதே இளைஞர். இந்த வண்டிக்கு இதெல்லாம் சகஜமாம்! போல்ட்டை முடுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் சத்தம் இல்லை. பிறகு பழைய குருடி, கதவைத் திறடி.

அந்த வருடம் அக்டோபர் 24-ஆம் தேதி தீபாவளி. மனைவியும், மகள் வயிற்றுப் பேரன் ஆறு வயதுப் பையனும், நானும் காரில் புறப்பட்டோம். ஆதிலாபாத் தாண்டியதும் பேரன், "தாத்தா, கார் டொக்குனு பேசுது" என்றான். நிர்மல் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபோது வண்டி இடதுபுறமாக இழுத்தது. ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்தேன். இடது ஸ்ட்ரட்டின் மேல் எண்ணெய் வழிந்து, அதில் தூசி அப்பிக் கிடந்தது. 1983-இல் வறண்டு கிடந்த டேஷ்பாட் ஞாபகம் வந்தது. அதன் பிறகு 60-க்கு மேல் போகவில்லை.

பொன்மலையில் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில் ஒரு வயதான மெக்கானிக். தகப்பனார் காலத்துப் பழக்கம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சக்கரம் 'கடக் கடக்' என்று ஆடியது. விளக்கை அடித்துக் காட்டினார். பால் ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே தண்ணீரும் மண்ணும் போயிருந்தது. "தம்பி, ஸ்ட்ரட்டு ஒழுகுறதுகூடப் பரவாயில்ல. மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். இந்த மூட்டு கழண்டுச்சுன்னா மூணு உசுரு. இதோட ஊர் திரும்பாதீங்க" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா மட்டும், "ராசா, வண்டிதானே, சரி பண்ணிக்கலாம். குழந்தை நல்லா இருக்கான்ல, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தத்தைக் கேட்ட பிறகும், அடுத்தவன் எழுதிய 'நார்மல்' என்ற ஒரு சொல்லை நம்பி, ஆறு வயதுக் குழந்தையை உட்கார வைத்து 1,400 கி.மீ. ஓட்டி வந்திருக்கிறேன்.

பெரியவரிடமே பாகங்களை மாற்றியிருப்பேன். ஆனால் வாரண்டி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. வெளியே பிரித்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். ஆகவே, மறுநாள் திருச்சியிலேயே அதே கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். "என்ன கண்டீர்களோ அதை அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். 'இடது முன் ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு, இடது பால் ஜாயிண்டில் ஆட்டம், 67,200 கி.மீ.' என்று தேதியோடு எழுதிக் கொடுத்தார்கள். பால் ஜாயிண்டோடு கூடிய லோயர் ஆர்ம் கையிருப்பில் இருந்தது. ரூ.4,100 கொடுத்து அன்றே மாற்றிக்கொண்டேன். ஸ்ட்ரட்டுக்கு வாரண்டி ஒப்புதல் வர நாளாகும், நாக்பூரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

மனைவியையும் பேரனையும் சென்னைக்கு அனுப்பி, தட்கலில் டிக்கெட் எடுத்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். என் சொந்த இலாகா; அங்கே பார்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. நான் தனியாக மூன்று நாள் மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தேன்.

எது நம் செலவு, எது அவர்கள் செலவு?

நாக்பூரில் இரண்டு பதில் கிடைத்தது. முதலில், "சஸ்பென்ஷன் என்றாலே தேய்மானம், வாரண்டியில் வராது" என்றார்கள். இழுத்தடித்து நவம்பர் பாதி ஆனதும், "வாரண்டி முடிந்துவிட்டது" என்றார்கள்.

வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வண்டி வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்திருப்போம்? என் புத்தகத்தில் பிரேக் பேட், கிளட்ச், வைப்பர் ரப்பர், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவை தேய்மானப் பொருள் என்று தெளிவாக இருந்தது. அவை நம் செலவு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரப்பர் தேயத்தான் செய்யும். பால் ஜாயிண்டையும் கிழிந்த உறையோடு நான் ஓட்டியதாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஷாக் அப்சார்பரின் எண்ணெய்க் கசிவை விலக்குப் பட்டியலில் சேர்க்கவில்லை. 'எண்ணெய் ஒழுகினால் மாற்றித் தரப்படும், லேசான ஈரம் கசிவாகாது' என்றே இருந்தது. எது என்னுடையது, எது அவர்களுடையது என்று நானே கோடு போட்டுக்கொண்ட பிறகு மனதில் ஒரு தெம்பு வந்தது. நியாயமாகக் கேட்பவனுக்குக் குரல் உயர வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். வண்டியின் சேசிஸ் எண், வாங்கிய தேதி, எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.யில் என்ன புகார் சொன்னேன், ஜாப் கார்டில் என்ன எழுதினார்கள், திருச்சியில் என்ன கண்டார்கள், புத்தகத்தின் எந்தப் பக்கம் என்ன சொல்கிறது, நான் கேட்பது என்ன, பதிலுக்கு 15 நாள் அவகாசம். அவ்வளவுதான். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. மூன்று ஜாப் கார்டுகளின் நகலை இணைத்து, விற்பனை நிலையத்துக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்பினேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். 2021 ஜனவரியில் வாயால் சொன்ன புகாரை மட்டும் என்னால் சேர்க்க முடியவில்லை. எழுதாதது இல்லை!

மூன்றாம் வாரம் கம்பெனியின் வட்டார அதிகாரி போன் செய்தார். வாரண்டி இருந்த காலத்திலேயே குறை பதிவாகியிருப்பதால் இடது ஸ்ட்ரட்டை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். வலதுபுறத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லி, அதற்கு நான் ரூ.7,200 கொடுத்தேன். ஏன் என்று பலர் கேட்டார்கள். ரயில்வேயில் சுருள்வில்களைப் பாரம் ஏற்றிச் சோதித்து, உயரத்தைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரித்து, மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ணம் பூசுவோம். ஒரு போகியில் ஒரே வகைதான் போட வேண்டும். ஒரு பக்கம் வலுவும் மறுபக்கம் தளர்வும் இருந்தால் வண்டி நேராக நிற்காது. கார் ஷாக் அப்சார்பருக்கும் அதே நியாயம்தான். ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்த அன்று அந்த வரவேற்பு இளைஞர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "வா தம்பி, ஒரு ரவுண்டு போகலாம்" என்று இந்தியில் சொல்லி, பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, அஜ்னி பக்கம் உள்ள குண்டும் குழியுமான சாலையில் ஓட்டினேன். சத்தமே இல்லை. "இதற்கும் முன்பு இருந்ததற்கும் வித்தியாசம் தெரிகிறதா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கிள், அப்போது நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது வண்டி வருகிறது" என்றார். நான் 1983-இன் கதையைச் சொன்னேன். அந்த வயதில் நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். எனக்கு ஒரு மராட்டியப் பெரியவர் கிடைத்தார். அந்தப் பிள்ளைக்கு உட்கார வைத்துக் காட்ட யாரும் கிடைக்கவில்லை.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

வாசகர்களின் உபயோகத்துக்காகச் சிலவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. மாதம் ஒரு முறை நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் விளக்கடித்துப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் மேல் லேசான ஈரப்படலம் இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் கசிவு.

2. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழும்பி உடனே அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. கனமான வண்டிகளில் இந்தச் சோதனை மட்டும் போதாது.

3. டயரைக் கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

4. சத்தத்தைக் கவனியுங்கள். சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது 'டொக் டொக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட் அல்லது புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுகும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் தலைப்பில் உள்ள பேரிங்.

5. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மேலும் கீழும் ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங், பக்கவாட்டில் ஆடினால் ஸ்டியரிங் மூட்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்காதீர்கள்.

6. இந்தப் பாகங்களில் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது டயரும் சீக்கிரம் போகும்.

இவற்றைவிட முக்கியமானது, ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுத வைப்பது. எந்தப் பக்கம், எந்த வேகத்தில், எந்த மாதிரிச் சாலையில் என்று எழுத வேண்டும். சர்வீஸ் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். 'நார்மல்' என்று எழுதினால், "என்ன பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஒரு முறை முழுச் சோதனை செய்து, கண்டதை எழுதி வாங்கிவிடுங்கள். எல்லா ஜாப் கார்டையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யாவிட்டால் வாரண்டியே செல்லாமல் போகலாம்.

கடைசி வழியாகச் சட்டம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வண்டியைச் சென்னையிலோ கோவையிலோ வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை ரூ.400 மட்டுமே. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என் விஷயத்தில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. கையில் காகிதம் இருந்ததுதான் காரணம்.

என் வண்டி இன்று 1,12,000 கி.மீ. தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வயதாகிவிட்டதால் வாரண்டி எல்லாம் கிடையாது. என்னைப் போலவே! சென்ற ஆண்டு இரண்டாம் முறையாக புஷ் மாற்றினேன். முழுக்க என் செலவில், முணுமுணுக்காமல்.

பொங்கலன்று பார்த்த அந்த நண்பரை அடுத்த ஞாயிறு பிடித்துவிட்டேன். "உங்க வண்டில நான் உட்கார்ந்து பார்க்கணும்" என்றேன். இரண்டு தெரு சுற்றியதும் காரணம் தெரிந்தது. லிங்க் ராட். சிறிய செலவுதான். ஆனால் அவருக்கும் வாரண்டியில் நான்கு மாதம் பாக்கி இருந்தது. மறுநாளே போய், புகாரைத் தன் வார்த்தையில் எழுத வைத்துவிட்டு வந்தார்.

நம் உறுப்பினர் யாருக்காவது இந்த மாதிரி சத்தம் இருந்தால், ஞாயிறு காலை சங்கக் கட்டிடத்துக்கு வண்டியோடு வரலாம். என்னால் பழுது பார்க்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியும். ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி போதும்.